குடும்ப மாடியில் ஓர் அறை

என் தம்பியை எங்கள் தெருவில் லிஃப்ட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட்டை ஓட்டுகிறவன் இல்லை, பழுது பார்க்கிறவன். வேலை முடிந்ததும் வேறு யாரையும் ஏறவிடாமல் அவன் மட்டும் உள்ளே நின்று, மேலே ஒரு தரம் கீழே ஒரு தரம் போய் வருவான். அதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்டால், கட்டடத்தின் முதலாளியே கேட்டாலும், காது கேட்காதவன் மாதிரி திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஓட்டிப் பார்க்காமல் எதற்கும் அவன் கையெழுத்துப் போட மாட்டான். ரொம்ப நல்லவன். அந்த நல்லதனத்தைப் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

அவன் மனைவி கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவாள். அதை நகரத்து நாடகக் குழுவில் யாரோ பார்த்துவிட்டு, எங்களோடு வந்து நடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. முதலில் மாதம் ஒருமுறை வந்தாள், பிறகு பெரிய லீவுக்கு மட்டும் வந்தாள், பிறகு போன் மட்டும் வந்தது. அன்றிலிருந்து நான் அவளை நாடகக்காரி என்றுதான் சொல்கிறேன், கோபத்தில்.

சண்டை கிண்டை என்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் செய்து வைக்கவாவது எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளைகளோடு அரைமணி நேரம் பேசுவாள். கடைசியில் போன் என் தம்பி கைக்கு வரும். சாப்பிட்டாயா என்று கேட்பான். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள் போலிருக்கிறது, சாப்பிட்டேன் என்பான். வைத்துவிடுவான். திரும்பி வா என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவளாக வரட்டும், கேட்டு வரவழைத்தால் அது வந்ததாகாது என்று என்னிடம் ஒருமுறை விளக்கம் சொன்னான். போய் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டேன்.

போன வருஷம் அந்தச் செய்தி வந்தது. நாடகக் குழு வெளிநாட்டுக்குப் போகிறதாம். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, அவளுக்கே தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் நகரத்தில் ஒரு வாரம் குழந்தைகள் நாடகம் போடுகிறார்கள். அம்மா நடிக்கிறதைப் பார்க்க வாங்க என்று பெரியவளிடம் சொல்லியிருக்கிறாள். பெரியவளுக்குப் பதினோரு வயது. அம்மா போன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து வாங்குவாள், வைக்கிறபோது மட்டும் கையை எடுக்கமாட்டாள். சின்னவனுக்கு ஆறு வயது. அவனுக்கு அம்மா என்றால் ஒரு குரல்தான்.

அன்று சாயந்திரம் தம்பி என் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டான்.

"இந்தத் தடவ கேட்டுடறேன்க்கா" என்றான். "போன்ல வேணாம். ஒரு ரூம்ல, பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது, நேர்ல கேட்டுடறேன். வந்துடுன்னு."

சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. எத்தனையோ மாடி உயரத்தில் ஒரு பலகைமேல் நின்று வேலை செய்கிறவன் அவன்.

பிறகு ஹோட்டல் தேட ஆரம்பித்தான். பெண் பார்க்கக்கூட அவன் அவ்வளவு அலைந்ததில்லை. நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே லீவு போட்டுவிட்டு நகரத்துக்குப் போனான். படத்தைப் பார்த்துப் பதிவு செய்யலாமே, ஊரே அப்படித்தானே செய்கிறது என்றேன். படத்தில் கதவு மூடுவது தெரியாது என்றான். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை, தெரிந்ததுதான்.

நாடகக் கொட்டகைக்கு எதிரிலேயே ஒரு ஹோட்டல். ஜன்னலைத் திறந்தால் மேடைக் கலைஞர்கள் வந்துபோகும் பின்வாசல் தெரியுமாம். ஆசைப்பட்டுத்தான் போயிருக்கிறான். ஆனால் அந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை, ஐந்தாவது மாடி. சின்னவன் எதையும் எட்டிப் பார்க்கிறவன். வேண்டாம் என்று வந்துவிட்டான். இன்னொன்றில் நீச்சல் குளமெல்லாம் இருந்தது, அதைச் சுற்றித் தடுப்பு இல்லை. லிஃப்ட் கதவுக்கு நடுவில் கையை நீட்டியிருக்கிறான், நிற்காமல் வந்து இடித்திருக்கிறது. அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வருகிற இடத்தில் இப்படி வைத்திருக்கிறீர்களே என்று சண்டை போட்டுவிட்டு வந்தான். பெண்டாட்டியிடம் வாயே திறக்காதவனுக்கு முன்பின் தெரியாத மேனேஜரிடம் எப்படித்தான் வாய் வந்ததோ.

கடைசியில் ஒன்று பிடித்தது. பழைய ஹோட்டல்தான், சிக்னல் ஒன்றைத் தாண்டினால் கொட்டகை. மூன்றாவது மாடி முழுவதும் குடும்பங்களுக்கு மட்டும். மேசை முனையெல்லாம் மழுக்கியிருந்தார்கள். அறையில் நாலு கட்டில். எல்லாவற்றையும்விட அவனை மயக்கியது அந்த மாடியின் சட்டம்தான். ஹோட்டலில் பெயர் பதிந்தவர்களைத் தவிர வெளியாள் யாரும் மேலே போக முடியாது. பார்க்க வருகிறவர்கள் கீழே ஹாலிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாதுக்கா என்று நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கிழடாம், ஆனால் நல்ல கை பட்ட கிழடாம்.

நானும் வருகிறேன் என்றதும் எனக்கு இரண்டாவது மாடியில் தனி அறை போட்டான். எனக்குச் சுருக்கென்றது. அவனும் இரண்டு பிள்ளைகளும் நானும் சேர்ந்தால் நாலு பேர், நாலு கட்டில் இருக்கிறது, அக்கா கூட இருந்தால் குடும்பம் இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவன் தரையைப் பார்த்தான். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

நாங்கள் பார்க்கப் போகிற அன்று இரண்டு காட்சி, பகலில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஹோட்டலுக்கு வருகிறேன் என்று நாடகக்காரி சொல்லியிருந்தாள். அவள் சொன்னது அந்த ஒரு மணி நேரம்தான். அதன்மேல் இவன் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். வருவாள், நாலாவது கட்டிலில் கொஞ்சம் படுப்பாள், இவன் கேட்பான், சாயந்திரக் காட்சி முடிந்து அந்த அறைக்கே திரும்பி வருவாள்.

அன்று காலையில் ஹோட்டலில் இறங்கினோம். ரிசப்ஷனில் இருந்த பெண் அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். நாலு என்றான். மூன்று பெயர் சொன்னான். நாலாவது பெயர் என்றாள். பிறகு சொல்கிறேன் என்றான். நான் அவன் முழங்கையை இடித்தேன்.

"பேரச் சொல்லித் தொலையேன்டா."

"வராம எப்படிக்கா சொல்றது? வந்ததும் சொல்லிக்கலாம்."

ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டான் என்று சொன்னேன் இல்லையா, அது லிஃப்ட்டோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பான்.

நாடகத்தில் அவள் ராட்சசி. முகம் முழுக்கப் பச்சை, தலையில் வைக்கோல் போர் மாதிரி முடி. அவள் ஒரு கத்துக் கத்தினாளே, முன்வரிசைக் குழந்தைகள் வீலென்று அழுதன. எங்கள் சின்னவன் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று, பக்கத்தில் பின்னால் எல்லோரிடமும் அது எங்கம்மா, அது எங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவள் அவனை இழுத்து உட்கார வைக்கவில்லை. தம்பி மேடையைப் பார்க்கவே இல்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் நன்றாக நடித்தாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்ற பெண் இவள்தானா என்று இருந்தது. அவளைத் திட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன், அங்கே கை தட்டிக்கொண்டிருந்தேன். பயம் வந்தது அப்போதுதான். இப்படி ஒருத்தியை எந்த வாயால் திரும்பக் கூப்பிடுவான் இவன்?

ஹோட்டலுக்குத் திரும்பியதும் தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் பக்கத்துக் கட்டிலின் விரிப்பை இழுத்து இழுத்து விட்டான். திரைச்சீலையை மூடினான், இருட்டாக இருக்கிறது என்று திறந்தான். சின்னவனுக்குத் தலை வாரினான், உடனே மறுபடியும் வாரினான். அப்பா, வலிக்குதுப்பா என்று அவன் சிணுங்கினான். நீ கீழே நின்று அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடு என்று தம்பி என்னை அனுப்பினான்.

அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். முகத்தை அவசரமாகக் கழுவியிருந்தாள், காதோரம் பச்சை போகவில்லை. அண்ணி என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். வா, மேலே காத்திருக்கிறார்கள் என்று லிஃப்ட் பக்கம் நடந்தேன்.

ரிசப்ஷன் பெண் எங்களை நிறுத்தினாள். மரியாதையாகத்தான் நிறுத்தினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். எந்த அறை என்று கேட்டுக் கணினியில் பார்த்தாள்.

"நாலாவது ஆள் பேரு இன்னும் குடுக்கலைங்க. நீங்க அவங்க குடும்பமா? குடும்பம்னா பேரச் சேத்துட்டு இப்பவே மேல அனுப்பிடறேன். பாக்க வந்தவங்கன்னா இங்க உக்காரணும், பிள்ளைங்களக் கீழ வரச் சொல்லிடலாம்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாடகக்காரி லிஃப்ட் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அத்தனை குழந்தைகளை அலற வைத்தவளுடைய குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"பாக்க வந்திருக்கேன்."

நான் திரும்பினேன். மேலே இருப்புக் கொள்ளாமல் தம்பி படியிறங்கி வந்திருந்தான். கடைசிப் படியில், கையில் சீப்போடு நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், அவள் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது.

ரிசப்ஷன் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பாவம், உதவி செய்யத்தான் பார்த்தாள்.

"சார், நீங்க சொன்னாலும் சேத்துக்கறேன். என்ன உறவுன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லுடா, சொல்லுடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. மூன்றெழுத்தோ நாலெழுத்தோ, ஒரு வார்த்தை. தம்பி அவளைப் பார்த்தான். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் சொன்னதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போலவும் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"அவங்க சொன்னதுதான்" என்றான் தம்பி.

கல்யாணமான இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவன் அவளை அவங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவனே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தான். ஹால் சோபாவில் உட்கார்ந்தார்கள். சின்னவன் முதலில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ராட்சசி மாதிரி ஒரு உறுமல் உறுமினாள், ஓடிப்போய் மடியில் ஏறிவிட்டான். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையை நனைத்து வந்து அம்மாவின் காதோரப் பச்சையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் சின்னவன் அம்மா கையைப் பிடித்து இழுத்தான்.

"மேல வாம்மா. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்குத்தானாம், அப்பா சொன்னாரு."

அவள் என் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதாவது கேட்டிருக்கலாம். அவன் சின்னவனைத் தூக்கிக்கொண்டான்.

"அம்மாவுக்கு நேரமாச்சுடா."

அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். எழுந்து, பிள்ளைகளை மாறி மாறி முத்தமிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தம்பியிடம், நல்ல ஹோட்டலாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் பத்திரமான இடம் என்றாள். அவனும் ஆமாம் என்றான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சிக்னல் வரைக்கும் நடந்துதான் போனாள், அதற்கப்புறம் ஓடினாள்.

பிள்ளைகள் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றன. தம்பி சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சீப்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"நான் கேக்கவே இல்லையேக்கா" என்றான்.

வாழ்நாளெல்லாம் அவனைத் திட்டியே பழகியவள் நான். அன்றைக்கு அவன் கையிலிருந்த சீப்பை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.