கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பிளக்

மாரிச்செல்வம் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் வைத்ததிலிருந்து அவன் அம்மா வள்ளித்தாய்க்கு நிம்மதியில்லை. ட்ரிம்மருக்காக, பக்கத்திலேயே இருந்த தங்கள் தறிக்கூடத்திலிருந்து எர்த் இல்லாமலே லைன் இழுத்திருந்தான். போன ஐப்பசியில் அவன் அப்பா கரண்ட் அடித்துச் செத்ததும் அதே கூடத்தில்தான்.

அன்று காலை உள்ளே ட்ரிம்மர் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏலே மக்கா."

பதில் இல்லை. இரும்புக் கதவைத் தொடவும் அவளுக்குப் பயம். தறிக்கூடத்துக்கு ஓடிப்போய் மெயினை இறக்கினாள். தறிகளெல்லாம் அடங்கின.

பாதித் தாடியோடு அவன் வெளியே வந்தான். "பாதியில நிறுத்திட்டுப் பல்லு வெளக்கிட்டிருந்தேம்மா, வாயில பேஸ்ட்டு, எப்படிப் பேச? இந்த மூஞ்சியோட கடைக்குப் போனா சிரிக்க மாட்டானுவளா?"

"சிரிக்கட்டும். அந்தப் பிளக்குல கரண்ட் அடிக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நானே பாத்தேன். கண்ணாடி ஃபிரேமை டெய்லி புறங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் குளிக்கேன்."

தறியில் கரண்ட் கசிகிறதா என்று தறிக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவன் அப்பாவும் மழைத்தண்ணீர் ஒழுகிய தரையில் நின்றுகொண்டு அப்படித்தான் தொட்டார்.

வள்ளித்தாய் மெயின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அதைக் கழத்திட்டு வாலே. அதுவரைக்கும் ஒரு தறியும் ஓடாது."

அவள் முகத்தைப் பார்த்தவன், ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனான்.