திருத்திய லீவு லெட்டர்

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், பல வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் என்னை மறப்பதில்லை. பாசமெல்லாம் இல்லை, சந்தேகம். இன் போடணுமா, அட் போடணுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிறுவாச்சூர் கோயில் வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "மேடம், நம்ம இப்ப இன் தி க்யூவா, ஆன் தி க்யூவா?" என்று கேட்டாள். காளி பார்த்துக்கொண்டிருக்க, விளக்கமாகப் பதில் சொன்னேன்.

எனக்கு ஒரு குணம். தப்பான வாக்கியத்தைப் பார்த்தால் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி, கொடுத்தவர்களிடமே காட்டியிருக்கிறேன். அவர்கள் இப்போது பத்திரிகை வைப்பதில்லை.

போன வருடம் ஒரு காலையில், துபாயிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னிடம் மூன்று மாதம் படித்துவிட்டு அங்கே குடோன் வேலைக்குப் போனவர். அவருடைய அம்மா திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியிடம் லீவு கேட்க அவரே ஒரு லெட்டர் எழுதியிருந்தார்.

"மதர் வெரி சீரியஸ் அட் ஹாஸ்பிட்டல். ஐ வான்ட் லீவ் ஃபார் கோ. ப்ளீஸ் சார் ப்ளீஸ்."

கீழே தமிழில், "கொஞ்சம் திருத்திக் குடுங்க மேடம். அம்மாவ உயிரோட பாத்துரணும்."

உண்மையைச் சொல்கிறேன், என் கண்ணில் முதலில் பட்டது அந்த 'அட்'தான். வருத்தப்பட்டேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் படுத்திருக்கும் நோயாளிக்கு 'இன்'தானே வர வேண்டும்? 'ஃபார் கோ' பற்றிப் பேசவே வேண்டாம். "பொறுங்க, சரியா எழுதித் தரேன்" என்று போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து மூன்று பத்தி எழுதினேன். இரண்டு 'ப்ளீஸ்'களையும் எடுத்துவிட்டு, 'ஐ ஷல் பி கிரேட்ஃபுல்' என்று முடித்தேன். ஒரு கமாவுக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனது. இரண்டரை மணிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "ஏர்போர்ட்ல இருக்கேன் மேடம். பொறுக்க முடியல, நான் எழுதுனதயே காலையில அனுப்பிட்டேன்." முதலாளி கொடுத்த அனுமதியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். "யூ கோ மதர் நவ்." அதிலும் ஒரு 'டு' விட்டுப்போயிருந்தது.

என் லெட்டருக்காகக் காத்திருந்தால் அன்றைய விமானம் அவருக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

சில நாள் கழித்து, துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா ஒன்றரை நாள் நினைவோடு இருந்தாராம். மகன் கையைப் பிடித்தபடியே மவுத்தானாராம். டீ கொடுத்தார்கள்.

"நான் லேட் பண்ணிட்டேங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

"அட, என்னங்க மேடம் நீங்க. உங்க லெட்டர அழிக்கல, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

உள்ளறையில் அவருடைய அத்தா இருமினார். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. இவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அத்தாவுக்கும் வயசாயிட்டு. அதுல மதர்ங்கற எடத்துல ஃபாதர்னு மாத்துனாப் போதும்ல மேடம்?"

நாலு இடத்தில் 'ஷீ' வருகிறது, அதையும் 'ஹீ' ஆக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"போதுங்க" என்றேன்.