கறுப்புத் திரையும் ஒரு பொத்தானும்

அந்தப் பொத்தான் சதுரமாக இருக்கும். அழுத்தினால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். அதன் தலையில் ஒரு சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் "வருந்துகிறோம்" என்று எழுதி, மேலே டேப் போட்டு, ஓரங்களை நகத்தால் அழுத்தி வழித்து ஒட்டியிருந்தார் என்னோடு வேலை செய்த அக்கா. சிட்னியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், தமிழே தெரியாதவர்கள் நிறைந்த அறையில், தமிழில் எழுதியிருந்த ஒரே பொருள் அதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது என்ன மொழி என்று கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "இதை அழுத்தினால் லண்டன்காரர் தங்கட சனத்திட்ட மன்னிப்புக் கேப்பினம். அவை நித்திரை, அதால நாங்கள் கேக்கிறம்" என்பார். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

எங்கள் வேலை இதுதான். இங்கிலாந்தின் சில தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இரவு நேரத்தில் கண் விழித்துப் பார்த்திருக்க ஆள் வேண்டும். அங்கே இரவுச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதைவிட, அங்கே இரவாக இருக்கும்போது இங்கே பகல்தானே என்று எங்கள் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறி வந்து, வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, லண்டனின் நள்ளிரவை ஆறு திரைகளில் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். படம் உறையும், சத்தம் போகும், படம் சதுரம் சதுரமாக உடையும். ஒருமுறை சமையல்காரர் ஒருவர் வெங்காயம் நறுக்கும்போது பின்னால் குதிரைப் பந்தய வர்ணனை ஓடியது. இன்னொரு முறை வானிலை சொல்லும் பெண்ணின் காலடியில் ஏதோ கொலைக் கதையின் வசனங்கள் வரிவரியாக ஏறின. பிழை அங்கே நடக்கும், சரிசெய்ய வேண்டியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். நாங்கள் செய்யக்கூடியது மூன்று காரியங்கள்: பொத்தானை அழுத்தி, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற மன்னிப்பு அட்டையைத் திரையில் போடுவது, லண்டன் பொறியாளரைத் தொலைபேசியில் எழுப்புவது, நடந்ததைக் கணினிப் பதிவேட்டில் எழுதுவது.

அக்கா எங்கள் பகல் ஷிப்டின் தலைவி. யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் ஒலிபரப்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர். வென்ட்வேர்த்வில்லில் இருந்து வருவார். நான் மதுரைப் பக்கத்துக்காரன், 2009இல் நிறுவனமே கையெழுத்துப் போட்டு எடுத்துத் தந்த வேலை விசாவில் வந்தவன். அறையில் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. பிழைகளுக்கு அக்கா தமிழில் பெயர் வைத்திருந்தார். உறைந்த படம் "சிலை". சத்தம் போனால் "ஊமை". சதுரமாக உடைந்தால் "கோலம்". இவை மூன்றுக்கும் அவர் பதறமாட்டார். ஆனால் திரை வெறும் கறுப்பாகப் போனால் கையில் இருக்கும் தேநீர் எங்கே சிந்துகிறது என்றுகூடப் பார்க்கமாட்டார். "பிழை வாறது பிழையில்லைத் தம்பி. கறுப்பா விட்டிட்டு இருக்கிறதுதான் பிழை. அங்க ஒரு மனுசன் நித்திரை வராமல் இருந்து பாக்கிறான். என்ன நடந்ததெண்டு அவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப் போடு" என்பார்.

இது வெறும் தொழில் பக்தி என்றுதான் முதலில் நினைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த அந்த 2009இல் அவருடைய தங்கை போர் நடந்த வன்னியில் இருந்தார். வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. நாங்கள் கண்காணித்த செய்தி அலைவரிசையில் ஒருநாள் வன்னியைப் பற்றி அரை நிமிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த உடனே படமும் சத்தமும் போயின. அக்கா பொத்தானை அழுத்தினார், லண்டனுக்குத் தொலைபேசினார், பதிவேட்டில் எழுதினார், பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். படம் திரும்பி வந்தபோது கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரை நிமிடத்தை அவர்கள் திரும்பப் போடவில்லை. மறுநாள் லண்டனிலிருந்து வந்த குறிப்பில், சிறு தடங்கல், பார்வையாளர் எவரும் புகார் செய்யவில்லை என்றிருந்தது. பார்வையாளர் ஒருவர் சிட்னியில் இருந்தார் என்று அவர்களுக்கு யார் சொல்வது? தங்கையிடமிருந்து முகாம் வழியாகத் தகவல் வந்தது பல மாதங்களுக்குப் பிறகு. உயிரோடு இருந்தார். அதன் பிறகும் கறுப்புத் திரையைக் கண்டால் அக்காவின் முகம் மாறுவது மாறவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சிட்னிக்கும் லண்டனுக்கும் பதினோரு மணி வித்தியாசம், அங்கே கோடை வந்தால் ஒன்பது. இடையில், மார்ச் கடைசியில், ஒரே ஒரு வாரம் இரண்டுங்கெட்டானாகப் பத்து. லண்டன் தன் கடிகாரத்தை ஒரு ஞாயிறு முன்னால் தள்ளும், சிட்னி அடுத்த ஞாயிறு பின்னால் தள்ளும். சிட்னி மணியிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்து லண்டன் நேரத்தை அச்சடிக்கும் எங்கள் பதிவேடு எந்தக் காலத்து மென்பொருளோ, தானாக மாறாது. யாராவது ஒருவர் முதல் திங்கட்கிழமை பதினொன்றைப் பத்தாக்கி, அடுத்த திங்கட்கிழமை பத்தை ஒன்பதாக்க வேண்டும். யாருடைய முறை என்று கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். 2012இல் என் முறை. ஏழு நாள் கூத்துக்கு இரண்டு தடவை மாற்றுவானேன், அடுத்த வாரம் ஒரேயடியாக ஒன்பதாக்கிவிடலாம் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை, எங்களுக்கு மதியம் பன்னிரண்டு பத்து, லண்டனில் பின்னிரவு இரண்டு பத்து. ஒரு அலைவரிசை கறுப்பாகப் போனது. அக்கா அடுத்த நிமிடமே பொத்தானை அழுத்தினார். அடுத்த நிமிடம் லண்டனுக்கு அழைத்தார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தார். அந்தப் பொறியாளர் தூங்கினாரா, தேநீருக்குப் போனாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசியை எடுத்தார். இரண்டு ஐம்பதுக்குப் படம் வந்தது. நாற்பது நிமிடமும் மன்னிப்பு அட்டை திரையில் இருந்தது. அவ்வளவு நேரமும் அக்கா காதில் ரிசீவரை வைத்தபடி இருந்தார், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நான் என்னுடையதைத் திறந்தேன், அது வேறு.

பதிவேடு என்ன சொன்னது தெரியுமா? ஒரு மணி நேரம் பின்னால் ஓடிய அந்தக் கணினி, பிழையைக் கண்டது ஒன்று பதினொன்று என்று அச்சடித்தது. லண்டன்காரர்களின் பதிவில் சிட்னியிலிருந்து அழைப்பு வந்தது இரண்டு நாற்பது. எடுக்காத அழைப்பை அவர்கள் குறித்து வைப்பார்களா? இரண்டையும் கூட்டிக் கழித்து, சிட்னி பிழையைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்தது என்று அறிக்கை எழுதினார்கள். எவ்வளவு நாகரிகமான ஆங்கிலம்! ஒரு கடுஞ்சொல் கிடையாது. "வருத்தத்துடன் கவனிக்கிறோம்" என்று வேறு ஆரம்பம். ஒளிபரப்பான நிகழ்ச்சியின் பதிவு அவர்கள் கையிலேயே இருந்தது. அதைப் போட்டுப் பார்த்திருந்தால் மன்னிப்பு அட்டை எத்தனை மணிக்கு வந்தது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். போட்டுப் பார்த்தால் தங்கள் ஆள் தொலைபேசியை எடுக்காததும் தெரிந்துவிடும் என்பதால் பார்க்கவில்லையா, பார்க்கவே தோன்றவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவானாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் பழியைப் போட்டால் காரியம் முடிந்தது.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். எல்லாரையும் தோளில் தட்டிப் பேசுவார். எங்கள் இருவரையும் அழைத்தார். அக்கா அமைதியாகத்தான் பேசினார். பதிவேட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பிழை, ஒளிபரப்புப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றார். யாருடைய முறை என்று அவர் சொல்லவில்லை. மேலாளர் எழுந்து போய்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் திரும்பி, "அந்த வாரம் கடிகாரத்தை மாற்றினாய், இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் வேண்டும் என்பது இருந்தது. என் வேலை விசாவை நிரந்தர வதிவிடமாக மாற்ற அந்த மாதம்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "மாற்றியதாகத்தான் ஞாபகம்" என்றேன்.

பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். எவ்வளவு சுலபமாக வந்தது! அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கறுப்பான ஒரு திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மேலாளரிடம், "பதிவைப் பாருங்கோ, அது காணும்" என்று தமிழிலேயே சொல்லி, சொன்னது தமிழ் என்று உணர்ந்து, அது போதும் என்று ஆங்கிலத்தில் மறுபடி சொன்னார். பதிவை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயத்தை அத்தோடு மூடிவிடலாம் என்று லண்டன் சொல்லியனுப்பியது. இரண்டு வாரம் தவணை. கடிதம்கூட அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள், கையெழுத்துதான் பாக்கி. அந்த நாட்களில் அக்கா வழக்கம்போல வந்தார், என்னோடு வழக்கம்போலப் பேசினார், கொண்டுவந்த புட்டில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தார். நான் அதையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஒருநாள், "கையெழுத்துப் போட்டுருங்கக்கா, ஒரு தாள்தானே" என்று புத்தி வேறு சொன்னேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு! அவர் பொத்தானைக் காட்டினார். "இதை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அழுத்திறன். அவங்கட பிழைக்கு, அவங்கட சனத்திட்ட. அதில எனக்கொரு வெக்கமும் இல்லை. ஆனா நான் செய்யாததுக்கு என்ர பேரை எழுதி வருந்த மாட்டன்" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பித்துத் தரவில்லை. கேக் வெட்டினார்கள். மேலாளர் அவர் தோளில் தட்டினார். கைப்பையை மாட்டிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்த அக்கா, "அந்தப் பொத்தானில ஒட்டினதைக் கழட்டிப் போடாதை. உனக்குத் தேவைப்படும்" என்றார். "சரிக்கா" என்றேன். வேலைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அந்த மாதமே என் விசாத் தாளில் கையெழுத்து விழுந்தது.

அடுத்த வருடம், எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அவரைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். நலம் விசாரித்தார், கல்யாணம் எப்போது என்று கேலி செய்தார். இருந்த கொஞ்சத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "அக்கா, அந்த வாரம் மணியை நான் மாத்தலைக்கா. நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஓம், தெரியும்" என்றார். முருங்கைக்காயைக் கூடையில் வைத்தார். "நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். பிழை விட்டது பெரிசில்லைத் தம்பி. ரெண்டு கிழமை கறுப்பாத்தானே விட்டனீ."

"போட்டு வாறன்" என்று என் கையைத் தொட்டுவிட்டு ரயிலுக்குப் போனார். மறுநாள் நடந்ததையெல்லாம் என் பெயர் போட்டு லண்டனுக்கும் மேலாளருக்கும் எழுதினேன். லண்டனிலிருந்து இரண்டு வரி வந்தது: எழுதியதற்கு நன்றி, அந்த விவகாரம் முடிந்துவிட்டதாகப் பதிவாகியுள்ளது. மேலாளர் தோளில் தட்டினார். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் ஆறவே இல்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் விசா பத்திரமான பிறகு எழுதிய என் கடிதத்தை நினைத்தால், அந்தக் கோபத்தைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது.

பொத்தான்களை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தபோது அந்தக் காகிதத் துண்டை உரித்தெடுத்தேன். இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. என் விரல்பட்டு டேப் தேய்ந்து "வ" கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்காக அதை அழுத்தியிருக்கிறேன், யாரோ செய்த பிழைகளுக்காக, கை தானாக எழ, யோசிக்காமல். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்து இரண்டு வாரம் காத்திருந்தபோது மட்டும் கை எழவில்லை.