என் படத்தோடு வந்த செய்தி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிநாடு போகிறவர்கள் தங்கள் மடிக்கணினியை எடுத்துப் போகக் கூடாது. தரவு எதுவும் இல்லாத, நிலையம் தரும் வெற்றுக் கணினியோடுதான் போக வேண்டும். காரணம் இருந்தது. கொடைக்கானல் மலைச் சோலைகளில் அரிய ஆர்க்கிட் செடிகள் எந்தெந்த மரத்தில் இருக்கின்றன என்று பல வருடம் அலைந்து குறித்த விவரம் எங்களிடம் இருந்தது. திருடர்கள் கையில் அது சிக்கினால் சோலையையே துடைத்துவிடுவார்கள்.

நான் ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்குக்குப் போன வாரம், நிலையத்தின் பணியாளர் செய்திமடல் இணையத்தில் வந்தது. என் படம், போகும் ஊர், பேசப்போகும் தலைப்பு எல்லாம் அதில் இருந்தன. வெற்றுக் கணினி விதியைப் பெருமையாக எழுதி, தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் பற்றியும் நாலு வரி போட்டிருந்தார்கள். அக்கா மன்னவனூர்க்காரர், என்னைவிட மூத்தவர்.

கருத்தரங்கின் முதல் இடைவேளையில், அணைத்து வைத்திருந்த போனைப் போட்டேன். அக்கா பலமுறை கூப்பிட்டிருந்தார். கூடவே ஒரு குறுஞ்செய்தி: "நீ புது நம்பர்ல கேட்ட ஃபைல நீ குடுத்த புது மெயிலுக்கே அனுப்புறேன். இங்க கரண்ட் இல்ல. பெருமாள்மலைக்குப் போறேன்."

நான் எதையும் கேட்கவில்லை. புது எண்ணும் என்னிடம் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அதே குரல். நிலையத்து ஜீப் டிரைவரின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்."

"அக்கா எங்கண்ணே?"

"பிரவுசிங் சென்டருக்குள்ள இருக்காங்க. உங்க சோலியாத்தான் வந்தோம். மழைல ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, அதான் லேட்டு."

"எதையும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. வெரசாப் போங்கண்ணே."

அவர் ஓடுவது கேட்டது. மழைச் சத்தம், பஸ் ஹாரன், கதவு. என்னைச் சுற்றி எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்காவின் குரல்.

"என்னம்மா, இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது ஏறிக்கிட்டு இருக்கு."

"நிறுத்துங்கக்கா. அது நான் இல்ல."

 விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டேன்" என்றார். "அந்த நம்பர்ல உன் படம் இருந்துச்சே. போன் தொலைஞ்சு போச்சு, மேடையேறப் போறேன், கணினில ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்துச்சே. வெறுங்கணினின்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சுட்டேன்."

செய்திமடலில் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனது ஒரு சோலையின் விவரம். இயக்குநரிடம் அக்காவே போய், "நான்தான் அனுப்பினேன்" என்று சொன்னார். அன்றே வனத்துறைக்கும் போலீசுக்கும் தகவல் போயிற்று. நான் திரும்பியதும் அக்காவும் நானும் வனக்காவலரோடு அந்தச் சோலைக்குள் போனோம். செடிகள் அப்படியே இருந்தன. அக்கா ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தார், எதையும் தொடவில்லை.

அடுத்த மழையின்போது அந்தச் சோலையின் ஓடையோர மரங்களில் செடிகள் இல்லை. பாசியோடு பட்டையைச் சீவி எடுத்திருந்தார்கள். அந்தக் கோப்பை வைத்துத்தான் வந்தார்களா என்று போலீசால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது பயணச் செய்திகள் ஆள் திரும்பிய பிறகுதான் மடலில் வருகின்றன.

சீவின மரத்தடியில் அக்கா நெடுநேரம் நின்றார். "வேரு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு" என்றார். என் கண்ணுக்கு வேர் எதுவும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.