பிரசாதம் பட்ட விரல்

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

"இவ்ளோ இருந்தா நாளைக்கு கண்ணு ஆபரேஷன் கிடையாது ஆயா" என்றாள் நர்ஸ். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது.

கூட வந்த நாத்தனார், வரிசைக்கே கேட்கும்படி, "திருட்டுத்தனமா இனிப்பு துன்னுக்கினு இருந்தா எப்டி அண்ணி குறையும்?" என்றாள்.

என் வாயில் ஒரு துளி படவில்லை. வழியில் சிவன் கோயிலில் எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் அள்ளிக் கொடுத்தேன். பிரசாதம் பட்ட கையைக் கழுவலாமா? தலையில் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொன்னதும் நர்ஸ், "விரல்ல ஒட்டுன இனிப்பும் சேர்ந்துக்கும் ஆயா. சோப்பு போட்டு கழுவி, நல்லா தொடச்சிட்டு வா" என்றாள்.

மறுபடி குத்தினாள். பாதிகூட இல்லை. ஆபரேஷன் உண்டு.

நாத்தனார் என் காதோரம், "தெரியாம சொல்லிட்டேன் அண்ணி" என்றாள்.

பழியை ஊருக்குச் சொல்லிவிட்டு மன்னிப்பைக் காதில் சொன்னால் செல்லுமா? நீங்களே சொல்லுங்கள்.