ஆறு பத்து நிறம்

பேருந்தில் தனக்கு முன்னால் நின்றவரின் தோள்பையை அவர் வெள்ளைக் கைக்குட்டையால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தேய்ப்பில் பைக்காரர் திரும்பிவிட்டார். "என்னய்யா, ஜிப்பைத் திறக்கப் பாக்கறியா?" சுற்றியிருந்தவர்கள் அவரவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். இவரோ கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அதில் மங்கலாக ஒரு பழுப்புத் தடம். "சார், உங்க பை சாயம் விடுது. வெள்ளைச் சட்டை போடற அன்னைக்கு இதை மாட்டாதீங்க" என்றார், வைத்தியர் நோயாளியிடம் பேசுகிற கரிசனத்தோடு. அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அது அவருடைய நிறுத்தம் அல்ல.

தெருவில் அவருக்குப் பெயர் உரசலார். நாற்காலி மெத்தை, கைக்கடிகார வார், அடுத்தவர் கழற்றிவைத்த செருப்பு என்று தோலால் ஆனது எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. பெயரை வைத்தவர் அவருடைய அறைக்குக் கீழே சலவைக்கடை நடத்துகிறவர். அந்தப் பெயரில் உள்ள 'ஆர்' மரியாதைக்கு வந்ததல்ல, கிண்டலுக்கு வந்தது. உரசலாருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தோலுக்குக் கையால் சாயம் ஏற்றி, பையாகவும் இடுப்பு வாராகவும் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். மாடியில் ஒரே அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். குறுக்கே கட்டிய கயிற்றில் தோல்கள் தொங்கும். கீழேயிருந்து சலவைக்கடையின் ஆவி பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக ஏறி, சோப்பு வாசனையோடு அவற்றுக்கிடையே அலையும். அதற்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், யாரோ மேகத்துக்குள் வாடகைக்குக் குடிவந்திருப்பதாகத் தோன்றும். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் என்ற பேச்சு எடுத்தவர்கள் எல்லாம் எடுத்து எடுத்து ஓய்ந்துவிட்டார்கள். பத்து நகங்களும் ஒரே நிறத்தில் இருந்த நாளை யாரும் பார்த்ததில்லை.

நிறங்களுக்கு அவர் நேரத்தைத்தான் பெயராக வைப்பார். "கருநீலம், ஊதான்னு சொல்றதெல்லாம் கடைக்காரங்க பேச்சு. வானத்துல ஊதா எங்க இருக்கு? நேரம்தான் இருக்கு." அதனால் வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். காலை ஏழில் ஒரு பர்ஸ், மாலை ஐந்தே முக்காலில் ஒரு பெல்ட் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். எல்லாவற்றிலும் அவருக்கு உயிரானது ஆறு பத்து. மழை விட்ட மாலையில், விளக்குப் போடலாமா வேண்டாமா என்று வீடுகள் தயங்கும்போது வருகிற ஊதா. நீலத்தை முதலில் ஏற்றி, அது காய்கிற சமயம் பார்த்துச் சிவப்பைத் தொட்டு வைக்க வேண்டும். அப்புறம் அவருக்கு வேலை இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, நிறம் ஈரத்திலிருந்து மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மத்தியானம் சாயங்காலமாகும். கூப்பிட்டால் காதில் விழாது. எங்கே போனீர்கள் என்று கேட்டால், "இங்கதான் இருந்தேன், கொஞ்சம் உள்ள" என்று தோலைக் காட்டுவார்.

போன மாதம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவமனையில் தலைமைச் செவிலி. அவரைவிடப் பதினோரு வயது சின்னவள். கூப்பிடுவதும் 'சின்னவளே' என்றுதான்.

"அண்ணா, என் துணிப்பை பிஞ்சு போச்சு. ஒண்ணு தைச்சுக் குடேன்."

"என்ன நிறம்?"

"என்ன கேள்வி இது? ஆறு பத்துதான்."

பேச்சு முடிந்த பிறகும் அவர் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். நான்கு வருடமாக அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அவள் தலைமைச் செவிலியாகப் பொறுப்பேற்ற நாளுக்கு அவர் ஆறு பத்தில் ஒரு பை கொடுத்தார். அன்று நல்ல மழை. வெள்ளைச் சீருடையில், வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை வார் கிடந்த இடம் முழுக்க ஊதாப் பட்டையாக இறங்கிவிட்டது. வார்டே சிரித்தது. எழுந்து உட்கார முடியாத ஒரு நோயாளிகூட, "எந்த ராஜா குடுத்த பட்டம் சிஸ்டர்?" என்று கேட்டாராம். அவளே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சீருடை கீழ்க்கடைக்குத்தான் சலவைக்கு வந்தது. மூன்று தடவை வெளுத்தும் பட்டை போகவில்லை. "உன் நிறம் ரொம்ப விசுவாசம்" என்று சலவைக்காரர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு சின்னவள் துணிப்பைக்கு மாறிவிட்டாள். கோபம் என்று ஒரு வார்த்தை இல்லை. வருவாள், பேசுவாள், போவாள். பை மட்டும் கேட்க மாட்டாள்.

உரசல் வியாதி அவரைப் பிடித்தது அப்போதுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவருக்கு அது கையில் குறுகுறுத்தது. ஏனென்றால் அந்தச் சாயம் ஒட்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். சாயமேற்றிய தோலின் மேல் கடைசியாக ஒரு காப்புப் பூச்சுப் பூச வேண்டும். நிறத்தை உள்ளேயே பூட்டிவைப்பது அதுதான். அன்று தேன்மெழுகு போட்டார். மெழுகுதான் ஆறு பத்தை அப்படியே விட்டுவைத்தது. சோதித்துப் பார்த்தபோது வெள்ளைத் துணியில் மிக லேசாக ஒரு தடம் விழுந்தது. அவர் அதை ஜன்னலோரம் எடுத்துப்போய் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, நிழல் என்று முடிவு கட்டினார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவருக்கு அந்த நிறம். பூட்டைவிட நிறம் பெரிதாகப்பட்டுவிட்டது. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தடவை வெட்டி மிஞ்சிய நான்கு துண்டுகளில் நான்கு பூச்சுகளைப் போட்டார். ஒன்றில் எண்ணெய். ஒன்றில் தேன்மெழுகு. ஒன்றில் சாராயத்தில் கரைத்த அரக்கு. இன்னொன்றில், பால்போல வெள்ளையாக இருந்து காய்ந்தால் கண்ணாடியாகிவிடுகிற பிசின். காய்ந்ததும் நான்கையும் தண்ணீரில் நனைத்து, அடியில் வெள்ளைத் துணி வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார். பட்டாணி விற்கிறவர் முதல் தபால்காரர் வரை எல்லாரும் கைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். "கைக்கு ஒண்ணுமில்ல, பூச்சுக்குப் பரீட்சை" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மாலை அவிழ்த்துப் பார்த்தார். எண்ணெய் நிறத்தை நடுராத்திரியாக்கியிருந்ததோடு துணியையும் நாசமாக்கியிருந்தது. அரக்கு, கை மடங்குகிற இடத்தில் வெடித்திருந்தது. பிசின் வைத்த துணி பளிச்சென்று வெள்ளை. ஆனால் தோலின் மேல் ஒரு பளபளப்பு ஏறி, நிறம் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மெழுகுத் துண்டில் ஆறு பத்து அப்படியே இருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்தார். கண் அதற்குள் போய்விட்டுத் திரும்பி வர மனமில்லாமல் திரும்பியது. பிறகுதான் அதனடியில் இருந்த துணியை எடுத்தார். விரல்நுனி அளவுக்கு ஏதோ இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் பார்த்த அதே ஏதோ. வெளிச்சத்தை இந்தப் பக்கம் பிடித்தால் தெரிந்தது, அந்தப் பக்கம் பிடித்தால் இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். சலவைக்காரர் சட்டைக் கழுத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன தெரியுது?"

"கறை."

"தலையைத் தூக்கி நல்லாப் பாருய்யா. நிழலா இருக்கலாம்."

"முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். நிழலை ஒரு நாளும் துவைச்சதில்ல. கறைன்னா கறைதான்."

உரசலார் அங்கேயே கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். "பிசின் போட்டா நிறம் செத்துப்போகும்" என்றார், சின்னக் குரலில்.

"யாருக்குப் பை?"

"தங்கச்சிக்கு."

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்தச் சீருடையை வெளுத்தவர் ஆயிற்றே. "அப்ப என்னை எதுக்குக் கேக்கறே? போய் வேலையைப் பாரு" என்றார்.

மறுநாள் பிசினில் சரிபாதி தண்ணீர் கலந்தார். பூசுவதற்கு முன், தோலின் மேல் தங்கிய தூள்சாயம் துணியில் ஒட்டாமல் போகும் வரைக்கும் துடைத்தார். பதினெட்டுத் துணி ஆயிற்று. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சால் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்து இன்னொன்று. பஞ்சு போன இடமெல்லாம் ஆறு பத்து விலகிக்கொண்டே போயிற்று. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை சும்மா இல்லை. அழுதுகொண்டே பூசி முடித்தார்.

தங்கை வேலைக்குப் போகிற வழியில் வந்தாள். வெள்ளைச் சீருடை. வெளியே தூறல். கையில் ஒரு பழைய நெகிழிப் பை. அவர் புதுப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற பூச்சு போட்டிருக்கேன் சின்னவளே. ஆறு பத்து போயிடுச்சு. ஆறரை ஆயிடுச்சு."

அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆறரையும் நல்லாத்தாண்ணா இருக்கு."

"இருபது நிமிஷம் போச்சே."

"போனாப் போகுது. நான் எப்பவும் லேட்டுதான்."

அவர் சிரிக்கவில்லை. கீழே துவைக்கும் இயந்திரம் ஓடி நின்றது. "போன தடவை ஒட்டும்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சேதான் குடுத்தேன். நிறம் கெட்டுடுமேன்னு மெழுகோட விட்டுட்டேன். உன் துணி எனக்கு ஞாபகமே வரல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குப் பையை என் தோள்ல மாட்டிவிட்டு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டே நின்னே. ஒரு தடவைகூட என் முகத்தைப் பாக்கல. மழையில வார் வழிய ஆரம்பிச்சதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு மறுபடியும் என்கிட்டயே வந்து கேட்டே?"

அவள் நெகிழிப் பைக்குள் கை விட்டு, நீளமாக மடித்த ஒரு தடித்த துவாலையை எடுத்தாள். பைக்கும் சீருடைக்கும் நடுவில் போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்தது; தோளில் குத்திக்கொள்ள இரண்டு ஊக்குகள்கூட அதில் தயாராக இருந்தன. அதை அவருடைய மேசைமேல் வைத்துவிட்டு, பையை வெறும் வெள்ளையின்மேல் மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள்.