கிளிக்குக் கை நீட்டாதவள்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கை ருக்குவும் மாலில் ஒரு படம் பார்க்கப் போனோம். குழந்தைகளுக்கான படம். எங்களோடு குழந்தை யாரும் இல்லை. பாப்கார்ன் டப்பாக்களோடு நின்ற குடும்பங்களுக்கு நடுவே இரண்டு நரைத்த தலைகள். ருக்குவின் பார்வை இனி அதிக நாள் தாங்காது என்று அந்த வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள அந்தக் கிளிப் படத்தைப் பார்த்துடலாம், அண்ணா" என்றாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

நுழைவாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தாள். உள்ளே முப்பரிமாணக் கண்ணாடி. ருக்கு உறையைக் கிழித்து, கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"டெட்டால் வாசனையே இல்லையே."

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். யார் சொன்னார்கள் என்ற நினைவே இல்லாமல் நம் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட கதை. இந்தப் புதுப் படத்தில் அரக்கன் சாது, கிளிதான் கோபக்காரி. ராஜகுமாரி இருவருக்கும் சமாதானம் பேசுகிறாள். எங்கள் சிறுவயதிலும் இதே கதையை ஒருமுறை மாற்றி எடுத்தார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பஸ் ஏறி ஏழு கடல் தாண்டிப் போவான். பஸ் எப்படிக் கடல் தாண்டியது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

அந்தப் படமும் முப்பரிமாணம். மலையாள ஊருக்கு நடுவே, வலியசாலையில், எங்கள் தமிழ்த் தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. தியேட்டர் வாசலில் ஒருவர் கண்ணாடிகளைக் கொடுப்பார், படம் முடிந்ததும் வாளியோடு நின்று, "கண்ணட திரிச்சு தரணே!" என்று கத்தித் திருப்பி வாங்கிக்கொள்வார். வாளியில் டெட்டால் தண்ணீர். கண்ணாடியால் கண்நோய் பரவுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததால் அந்த ஏற்பாடு. அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. எங்கள் கண்ணாடிகளைப் புடவைத் தலைப்பால் இன்னொரு முறை துடைத்தாள். ருக்குவின் கண் அடிக்கடி சிவந்துகொண்டிருந்தது வேறு. அதற்கு அம்மா இளநீர்க் குழம்பு என்ற வைத்தியர் மருந்தைக் கண்ணில் விட்டுவந்தாள். விட்டால் பச்சை மிளகாய் பட்டதுபோல் எரியும். எரிய எரிய நல்லது என்பது தெருவின் நம்பிக்கை.

இடைவேளைக்குச் சற்று முன் கிளி கூண்டை விட்டுப் பறந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு நேராக என் முகத்துக்கு வந்தது. தியேட்டரிலிருந்த அத்தனை கைகளும் மேலே எழுந்தன. நானும் எம்பிப் பிடித்தேன். பிடித்தது முன்வரிசைப் பெரியவரின் குடுமியை. "எடா, அது கிளியில்லடா, என் தலையாக்கும்!" என்றார் அவர்.

ருக்கு மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கோ, கொழந்தை எத்தனை அடக்கமா இருக்கா! உங்க பிள்ளையும் இருக்கானே" என்று அப்பாவிடம் சொன்னாள்.

இடைவேளையில் ருக்கு கேட்டாள்: "எல்லாரும் எதுக்குக் கையை நீட்டினா? கிளி அங்கதானே இருந்தது?"

கண்ணாடியில் கோளாறு என்று அப்பா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். மறுபாதியில் கிளி இன்னும் பலமுறை வந்தது. அவள் கை மடியை விட்டு எழவில்லை.

அப்பா செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டார். திரும்பி நடந்து வரும்போது பழவங்காடி பிள்ளையார் கோவில் முன்னால் நின்றார். அவள் பின்னால் போய் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார்.

"என்ன தெரியறது?"

"தேங்காய் உடைக்கறா. ஒரு மாமா பொறுக்கறார்."

இடது கண்ணை மூடினார். "இப்போ?"

ருக்கு சிரித்தாள். "ரெண்டு கண்ணையும் பொத்திட்டேளே, அப்பா!"

அப்பா கையை எடுக்கவே இல்லை. தேங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறிக்கொண்டிருந்தன. அம்மா, "ஏன் நின்னுட்டேள்?" என்று கேட்டபடி திரும்பி வந்தாள்.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "வலது கண்ணில் காழ்ச்ச இல்ல, அம்மா." பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கிளி திரையை விட்டு வெளியே வராது. உள்ளே இருந்த அழற்சி வெளியே தெரியாமல் தின்றிருக்கிறது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. இதையாவது காப்பாற்றப் பார்க்கலாம். பிறகு கேட்டார்: "எப்ப முதல்?"

அம்மா விழித்தாள்; திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பின்னாளில் நிருபராக விபத்து நடந்த இடங்களில், வெள்ளம் புகுந்த வீடுகளில் நின்று எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி அதுதான். எப்போதிலிருந்து? அவர்கள் விழிக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் வந்து நிற்கும்.

ருக்கு டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "என் கண்ணு எந்தக் கிளிக்குள்ள இருக்கு?" டாக்டருக்கு விளங்கவில்லை. விளங்கிய நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. அம்மா இளநீர்க் குழம்புக் குப்பியைக் கிணற்றடியில் உடைத்தாள். குழம்பால் வந்ததல்ல என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சமையல் செய்து பார்ப்பாள். டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றிவிட்டு, அதைத் துடைக்காமல் நிற்பாள். அப்பா தினமும் காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் வரும் தமிழ்ப் பத்திரிகையைக் கூடத்தின் ஒரு கோடியில் பிடித்துக்கொள்வார். மறுகோடியிலிருந்து ருக்கு படிக்க வேண்டும். தலைப்பு, அதற்குக் கீழே சின்ன எழுத்து, அதற்கும் கீழே. அவள் தடுமாறினால் அன்று அப்பா சாப்பிடாமல் ஆபீஸ் போவார்.

சில வாரங்களில் ருக்கு தடுமாறுவதே இல்லை. மளமளவென்று படித்தாள். அப்பா உற்சாகமாகப் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். விதுராவிலிருந்து வந்த பெரியப்பாவிடம், "மருந்து பிடிச்சுண்டுடுத்து" என்றார்.

ஒருநாள் பஸ் வரத் தாமதமாகி, பத்திரிகை அப்பா கிளம்பும் நேரத்துக்குத்தான் வந்தது. வாசலிலேயே வாங்கிக் கொண்டுவந்து விரித்துப் பிடித்தார். ருக்கு படித்தாள். நிறுத்தாமல், தெளிவாகப் படித்தாள். அப்பா முகம் மாறியது. அவள் படித்தது முந்தின நாள் செய்தி.

வழக்கமாக அப்பா குளிக்கப் போகும்போது நான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்திருக்கிறாள். அன்று எனக்குப் படிக்கப் பத்திரிகை இல்லை.

அம்மா அவளை உலுக்கினாள். "ஏண்டி இப்படிப் பண்ணினே? ஏண்டி?"

"தெரியலைன்னு சொன்னா அப்பா சாப்பிட மாட்டேங்கறார்" என்றாள் ருக்கு.

அன்றே ஓடினோம். ஊசி, இன்னொரு ஊசி, ஆபரேஷன். இடது கண் முழுதாகப் பிழைக்கவில்லை, போகவும் இல்லை. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அவள் மலையாளம் படித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, முன்கூட்டியே ஓய்வும் பெற்றுவிட்டாள். அப்பா கடைசிவரை அவள் எதிரில் பத்திரிகை விரிக்கவில்லை.

அந்தத் தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். டெட்டால் வாளிக்காரரின் முகம்கூட நினைவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள்ளும் மலையாளம் பேசுகிறார்கள்.

மாலில் விளக்கணைந்தது. ஒரு மணி நேரம் போல் ருக்கு அசையாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்தாள்.

"கிளி வெளியில வந்துதா?"

"இப்போ வரது."

"எல்லாரும் கை நீட்டறாளா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். குழந்தைகள் நாற்காலியில் சாய்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி அப்பாவின் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய அரங்கில் ஒரு கைகூட உயரவில்லை.

"ஒருத்தரும் நீட்டலை, ருக்கு."

 அவள் வலது கையை மடியிலிருந்து எடுத்து, இருட்டில் முன்னால் நீட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன.

"இங்கயா, அண்ணா?"

"கொஞ்சம் இடது பக்கம்."

கையை இடது பக்கம் நகர்த்தினாள். கிளி அதற்குள் போய்விட்டிருந்தது.